கல்தூசுச் சாலையில் காருக்கு வேக்ஸ்

ஒரகடம் கூட்டுரோட்டில் ஜெனரல் ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் மூன்று வகை வண்டிகளைப் பார்க்கலாம். நீண்ட டிரெய்லர்களில் அடுக்கி ஏற்றிய புதுக் கார்கள் துறைமுகத்துக்கோ ஷோரூமுக்கோ போய்க்கொண்டிருக்கும். எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிய டிப்பர்கள், பாதி மூடிய தார்ப்பாயோடு வரிசைகட்டி வரும். இவற்றுக்கு நடுவே சொந்தக் காரில் வேலைக்குப் போகும் சூப்பர்வைசர்கள், இன்ஜினீயர்கள், சப்ளையர்கள், ஒப்பந்தக்காரர்கள். முதல் வகைக் காரின் பெயிண்ட் இரண்டு வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இரண்டாவது வகை வண்டிதான். மூன்றாவது வகைக்காரர்களுக்காக எழுதியது இந்த அத்தியாயம்.

இந்தப் பகுதிக்குக் கார் பெயிண்ட் புதிய விஷயம் அல்ல. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு 1996-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1998-இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலையும், 2012-இல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலையும் திறந்தன. பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்த்த ஒருவராவது இல்லாத தெரு ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரத்தில் அபூர்வம். ஆனாலும் இதே ஊரில்தான் வாட்டர் வாஷ் கடைகளில் நல்ல பெயிண்ட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கெடுக்கிறார்கள். வேக்ஸ் என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துவிட்டால் இந்தச் சேதத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

பளபளப்பு எங்கே இருக்கிறது

வெல்டிங் முடிந்து வரும் பாடியை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, பாஸ்பேட் கரைசலில் முக்கி எடுக்கிறார்கள். அடுத்து, மின்சாரம் பாயும் பெயிண்ட் தொட்டியில் பாடி முழுவதும் மூழ்கி எழும். இ.டி. கோட் என்பது இதைத்தான். துருவைத் தடுக்கும் முக்கியமான அடுக்கு இது. அதை ஓவனில் பேக் செய்தபின் பிரைமர், அதன்மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸில் கிளியர் கோட் பேக் ஆகி இறுகுகிறது. எல்லா அடுக்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 120 மைக்ரான், அதாவது ஜெராக்ஸ் எடுக்கும் ஒற்றைத் தாளின் கனம். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான்.

நீங்கள் ஷோரூமில் பார்த்து மயங்கிய பளபளப்பு முழுவதும் அந்தக் கிளியர் கோட்டின் மேல்பரப்பில்தான் இருக்கிறது. அது மட்டமாக இருக்கும்வரை ஒளி நேராகத் திரும்பி வரும். போனட்டில் தென்னைமரத்தின் கீற்றுகூடத் தெளிவாகத் தெரியும். நுண்ணிய கீறல்கள் விழ விழ, ஒளி சிதறி, நிறம் மங்குகிறது. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சூரியப் பிரதிபலிப்பைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிவது அந்தக் கீறல்கள்தான்.

வேக்ஸ் இந்தக் கீறல்களை எடுக்காது. மிக மெல்லிய கீறல்களுக்குள் இறங்கி, அவற்றைக் கொஞ்ச காலம் மறைக்கும். நிறத்துக்கு ஓர் ஆழம் கொடுக்கும். அதன் உண்மையான வேலை, கிளியர் கோட்டுக்கு வர வேண்டிய சேதத்தைத் தான் வாங்கிக்கொள்வது. பறவை எச்சமும் உப்புத் தண்ணீரும் மரப்பிசினும் முதலில் வேக்ஸைத்தான் தின்ன வேண்டும். தின்று தீர்ந்தால் இன்னொரு கோட் போட்டுக்கொள்ளலாம். கிளியர் கோட்டை அப்படி மறுபடி போட்டுக்கொள்ள முடியாது.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. சித்திரை, வைகாசி வெயிலில் சில கார்களின் கதவுக்கு அடியில் பழுப்பாகப் பிசுபிசுவென்று ஏதோ வடிந்திருக்கும். ஆயில் லீக் என்று பயந்து மெக்கானிக்கிடம் ஓடுகிறார்கள். அது பெரும்பாலும், துருப்பிடிக்காமல் இருக்கக் கதவின் உட்குழிவில் கம்பெனியே பீய்ச்சி வைக்கும் வேறொரு வகை மெழுகு. சூட்டில் இளகி, வடிகால் துளை வழியாக வருகிறது. வெளியே வடிந்ததைத் துடைத்துவிடுங்கள். உள்ளே கைவைக்க வேண்டாம், துளையையும் அடைக்க வேண்டாம்.

பாலிஷ் என்றால் எந்த பாலிஷ்?

வாட்டர் வாஷ் கடையில் பெரும்பாலும் நடக்கும் பேச்சு இது.

“சார், ஒரு பாலிஷ் போட்டுட்டா புது வண்டி மாதிரி ஆயிடும்.”

“என்ன பாலிஷ் தம்பி? காம்பவுண்டா, வேக்ஸா?”

“எல்லாம் சேர்த்துதான் சார். மெஷின்ல அடிச்சுக் குடுத்துடுவோம்.”

அந்த “எல்லாம் சேர்த்து” என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ரப்பிங் காம்பவுண்டு என்பது உராய்வுத்துகள் கலந்த களிம்பு. அது கீறலை நிரப்பாது; கீறலின் அடிவரை கிளியர் கோட்டைச் சீவி எடுத்து மட்டமாக்கும். கம்பளி பேட் மாட்டி வேகமாக அடித்தால் ஒரே தடவையில் சில மைக்ரான்கள் போய்விடும். சாதாரணமாக பாலிஷ் என்பது அதைவிட நைசான ரகம். ஆனால் அதுவும் சீவத்தான் செய்யும். வேக்ஸ் மட்டும்தான் எதையும் எடுக்காமல் மேலே சேர்க்கிறது.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மெஷின் பாலிஷ் போட்டுக்கொள்ளும் கார்களைச் சில வருஷம் கழித்துப் பாருங்கள். போனட் விளிம்பிலும் கதவு மடிப்பிலும் டிக்கி முனையிலும் நிறம் வெளுத்து, தோல் உரிவதுபோல உரியத் தொடங்கியிருக்கும். விளிம்புகளில் பேட்டின் அழுத்தம் அதிகம் விழுவதால் அங்கேதான் கிளியர் கோட் முதலில் தீர்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் வேதிப்பொருள்கள் அந்த அடுக்கில்தான் இருக்கின்றன. அது போனால் கீழே இருக்கும் நிறத்துக்குக் காவல் இல்லை. அதன்பிறகு டிங்கரிங் பெயிண்டிங் கடை மட்டுமே வழி.

ஆகவே கடையில் தெளிவாகச் சொல்லுங்கள்: “காம்பவுண்டு வேண்டாம் தம்பி, நல்லா கழுவி வேக்ஸ் மட்டும் கையால போடுங்க.” அவர்கள் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை. காம்பவுண்டு தேவைப்படும் நாள் வரும். காரின் ஆயுளில் அது ஓரிரு முறை, அதுவும் பெயிண்டின் கனத்தை மீட்டர் வைத்து அளந்து பார்க்கும் கடையில்.

இங்கத்திய தூசு

சென்னைக்குத் தென்மேற்கே இருக்கும் குன்றுகளின் கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகைதான். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறையை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரையே இதற்குச் சூட்டினார். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் நிறைந்த கல் இது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6. கண்ணாடியைக் கீறும் கடினம். இந்த மாதிரிக் கல்லைத்தான் கிரஷர்களில் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் உடைக்கிறார்கள். ஆற்றுமணல் தண்ணீரில் உருண்டு முனை மழுங்கியது. எம்-சாண்ட் புதிதாக உடைபட்டது; அதன் முனைகள் கூர்மையாக இருக்கும்.

டிப்பருக்குப் பின்னால் ஓடி வந்த காரின் மேல் படிந்திருப்பது அந்தத் தூள். வாசலில் நிறுத்திவிட்டு, காய்ந்த துணியை எடுத்து போனட்டை ஒரு துடைப்புத் துடைத்தால், துணிக்கும் கிளியர் கோட்டுக்கும் நடுவே கல் சிக்கி, கை போன வழியெல்லாம் கோடு போடும். இந்த ஒரகடம் தடத்தில் கார்களைக் கெடுப்பதில் முதலிடம் வெயிலுக்கோ மழைக்கோ அல்ல. காலையில் எழுந்ததும் காய்ந்த துணியால் துடைக்கும் பழக்கத்துக்குத்தான் என்பது என் உறுதியான கருத்து. கழுவிய அன்றைக்கே எத்தனை விலை உயர்ந்த வேக்ஸ் போட்டாலும், மறுநாள் காலை அந்தத் துணி வந்தால் எல்லாம் வீண்.

படப்பை, மண்ணிவாக்கம் பக்கம் அபார்ட்மெண்ட்களில் மாதச் சம்பளத்துக்கு வண்டி துடைக்கும் அண்ணன்கள் ஒரே வாளித் தண்ணீரில் பத்துக் கார்களைத் துடைக்க வேண்டிய நிலையில் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, ஏற்பாட்டை மாற்றுங்கள். “அண்ணே, தினமும் துடைக்க வேணாம். வாரத்துக்கு ரெண்டு நாள் நிறைய தண்ணி ஊத்திக் கழுவிடுங்க, சம்பளம் அதேதான்” என்று சொல்லி, இரண்டு வாளியும் கையில் மாட்டும் ஒரு வாஷ் மிட்டும் வாங்கிக் கொடுங்கள். வேக்ஸ் டப்பாவுக்குச் செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய செலவு இது.

கல்தூசோடு வேறு சிலவும் உண்டு. இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் சிப்காட்களில் கிரைண்டிங், வெல்டிங் நடக்கும் ஷெட்டுகளுக்குப் பக்கத்தில் நிறுத்தும் கார்களில் இரும்புத்தூள் பறந்து வந்து ஒட்டும். வெள்ளைக் காரில் சில வாரங்களில் ஆரஞ்சுப் புள்ளிகளாகத் தெரியும். கார் துருப்பிடிக்கிறது என்று நினைப்பார்கள். துரு பிடிப்பது காரில் அல்ல, மேலே ஒட்டிய தூளில். கம்பெனி பார்க்கிங்கில் நிழலுக்கு வைத்த தூங்குமூஞ்சி மரமும் புங்கமரமும் பிசுபிசுப்பைச் சொட்டுகின்றன. மரத்தில் அடையும் காக்கையும் மைனாவும் போடும் எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. கருநிற போனட் மே மாத மதியத்தில் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது அது கிளியர் கோட்டை அரித்து நிரந்தரத் தழும்பு வைக்கும். முதல் மழைக்குப் பின் ராத்திரி சாலையில் வந்தால் பம்பர் முழுக்க ஈசல். கடைசியாக, போர்வெல் தண்ணீர்.

போர்வெல் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் சுண்ணாம்புப் புள்ளிகள் நிற்கும். ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்காமல் காருக்குப் பயன்படுத்துகிறவர்கள் நிறைய. எண்ணம் நல்லதுதான், ஆனால் அது போர்வெல் தண்ணீரைவிட உப்புக் கூடியது, காருக்கு ஆகாது. செடிக்கும் வேண்டாம், தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. அதை கேனில் பிடித்து வைத்துக் கடைசி அலசலுக்கு ஊற்றினால் புள்ளி விழாது. ஏற்கெனவே விழுந்த புள்ளிக்கு, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வைத்து, நன்றாகக் கழுவிவிடுங்கள். வினிகர் வேக்ஸையும் சேர்த்துக் கரைக்கும்; அந்த இடத்தில் மறுபடி வேக்ஸ் போட வேண்டும்.

எதை வாங்குவது

முதலில் ஒரு கேள்வி: உங்கள் கார் பகல் முழுவதும் எங்கே நிற்கிறது? கடையில் டப்பாக்களின் படத்தைப் பார்த்துக் குழம்புவதைவிட இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலே பாதித் தேர்வு முடிந்தது.

ஷெட்டிலோ பேஸ்மெண்ட்டிலோ நிற்கும் கார் என்றால், அதுவும் கறுப்பு, சிவப்பு, கருநீலம் போன்ற ஆழ்ந்த நிறம் என்றால், கார்னாபா வேக்ஸ் வாங்குங்கள். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு வகைப் பனையின் ஓலையைக் காயவைத்துத் தட்டி எடுக்கும் மெழுகு அது. தேன்மெழுகு 62 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். கார்னாபா 82 முதல் 86 டிகிரி வரை தாங்கும். அது தரும் ஈரமான மினுக்கை வேறு எதுவும் தருவதில்லை. “100 சதவீதம் கார்னாபா” என்று அச்சடித்த டப்பாவை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். சுத்தமான கார்னாபா கட்டியாக, கையால் பூசவே முடியாத கடினத்தில் இருக்கும். எண்ணெயும் கரைப்பானும் வேறு மெழுகும் கலந்துதான் அதைப் பூசும் பதத்துக்குக் கொண்டுவர முடியும். அந்தக் கலவை நம் வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் நிற்கும். அவ்வளவுதான். மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலையை அதற்கு ஒதுக்க மனமும் நேரமும் இருப்பவர்களுக்கு அது நல்ல தேர்வு.

பகல் முழுவதும் கம்பெனி யார்டில் வெட்டவெளியில் நிற்கும் கார் என்றால் சிந்தெடிக் வேக்ஸ், அதாவது பெயிண்ட் சீலன்ட். இது பாலிமர்; இயற்கை மெழுகைவிட வெயிலையும் ஷாம்புவையும் தாங்கும். நம் சூழ்நிலையில் மூன்று, நான்கு மாதம் எதிர்பார்க்கலாம். இந்தத் தடத்தில் பெரும்பாலான கார்களுக்கு நான் சொல்வது இதையே. வருஷத்துக்கு மூன்று முறை போதும்: கத்திரிக்கு முன்னால் மார்ச்சில், ஜூலையில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் செப்டம்பர் கடைசியில். வெள்ளை, வெள்ளி நிறக் கார்களில் கார்னாபாவின் மினுக்கு அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரிவதுமில்லை. அவற்றுக்குச் சீலன்டே பொருத்தம்.

கிளீனர் வேக்ஸ் என்று ஒன்று இருக்கும். அதில் லேசான உராய்வுப் பொருளோ அழுக்கைக் கரைக்கும் ரசாயனமோ கலந்திருக்கும். ஐந்தாறு வருஷமாகக் கவனிக்காமல் மங்கிய காருக்கு ஒருமுறை போடலாம். புதுக் காருக்கு வேண்டாம். டப்பாவின் பின்பக்கத்தில் ‘கிளீனர்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பலர் பார்ப்பதில்லை.

ஸ்ப்ரே வேக்ஸ் கழுவிய பிறகு ஈரத்திலேயே அடித்துத் துடைக்க வசதியானது. அது போட்ட வேக்ஸின் ஆயுளை நீட்டும். தனியாக அதை மட்டும் நம்ப முடியாது.

டெலிவரி எடுக்கும்போது ஆக்சஸரீஸ் பட்டியலில் சேர்த்துத் தரும் ‘டெஃப்லான் கோட்டிங்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோசைக்கல்லில் இருக்கும் டெஃப்லான், அதாவது பி.டி.எஃப்.இ., 327 டிகிரியில் உருகும் பொருள்; அதை உலோகத்தில் ஒட்டவைக்க அதற்கும் மேற்பட்ட சூடு வேண்டும். அந்தச் சூட்டைக் கார் பெயிண்ட் தாங்காது. சாதாரண வெப்பத்தில் துணியால் தேய்க்கும் களிம்பில் அது கலந்திருந்தாலும் தோசைக்கல்லில் ஒட்டுவதுபோல ஒட்டாது. நீங்கள் வாங்குவது ஒரு சீலன்டைத்தான். அந்தப் பணத்தில் நல்ல சீலன்டும் துணிகளும் வாங்கி, பல வருஷத்துக்கு நீங்களே போடலாம்.

செராமிக் கோட்டிங் வேறு ரகம். சிலிக்கா அடிப்படையில் அமைந்து, கிளியர் கோட்டோடு உறுதியாகப் பிணையும். சரியாகப் போட்டால் இரண்டு, மூன்று வருஷம் நிற்கும். ஆனால் போடுவதற்கு முன் பெயிண்ட்டை மட்டமாக்க வேண்டும், இல்லாவிட்டால் கீறல்களையும் சேர்த்துப் பூட்டி வைத்ததாகிவிடும். ‘9 ஹெச்’ என்று விளம்பரத்தில் வருவது பென்சில் கடினச் சோதனையின் அளவு. கல்லின் கடினத்தை அளக்கும் அளவுகோலின் 9 அல்ல. டிப்பரிலிருந்து தெறிக்கும் ஜல்லி செராமிக்கையும் கொத்தும், வேக்ஸையும் கொத்தும். கல்லடியிலிருந்து காப்பது பி.பி.எஃப். என்னும் தடித்த பிளாஸ்டிக் படலமும், டிப்பருக்குப் பின்னால் விடும் தூரமும் மட்டுமே.

மேட் ஃபினிஷ் பெயிண்ட் உள்ள காருக்கு எந்த வேக்ஸும் போடக் கூடாது. அங்கங்கே மினுமினுத்துத் திட்டுத் திட்டாகிவிடும். அதைச் சரிசெய்வதும் கடினம்.

போடும் முறை

நாளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். வெயிலில் சூடான போனட்டில் வேக்ஸ் போட்ட நொடியே காய்ந்து கட்டியாகிவிடும். எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். மார்கழிப் பனியில் அதிகாலையில் போட்டால் ஈரம் படிந்து காயவே காயாது. நிழலில், புறங்கையை வைத்துப் பார்த்தால் உலோகம் சில்லென்று இருக்கும் நேரமே சரி. இங்கே காலை ஏழரையிலிருந்து பத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

கழுவுவது முதல் வேலை. குழாயோ பிரஷர் கன்னோ வைத்து, கையே படாமல் கல்தூசை முதலில் ஓடவிடுங்கள். சக்கர வளைவு, கதவின் அடிப்பாகம், நம்பர் பிளேட்டைச் சுற்றிலும் அதிகம் தங்கியிருக்கும். அதன்பிறகு கார் ஷாம்பு. துணி துவைக்கும் பவுடரும் பாத்திரம் கழுவும் திரவமும் எண்ணெய்ப் பசையை எடுக்கச் செய்தவை, வேக்ஸையும் எடுத்துவிடும். பழைய வேக்ஸை முழுவதும் நீக்கிப் புதிதாகப் போடும் அன்றைக்கு மட்டும் பாத்திரத் திரவத்தைப் பயன்படுத்தலாம். ஒரு வாளியில் ஷாம்பு, இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு பேனல் முடிந்ததும் மிட்டை வெறும் தண்ணீரில் அலசி, பிறகே ஷாம்புவில் முக்குங்கள். மேலிருந்து கீழே வாருங்கள். மிட் தரையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அது முடிந்தது, வேறு எடுங்கள். டீசல் கலந்து துடைத்தால் மின்னும் என்று சில ஷெட்டுகளில் சொல்வார்கள். மின்னும், ஒரு நாள். மறுநாள் ஊர்த்தூசு முழுவதும் அந்தப் பிசுக்கில் வந்து உட்காரும். ரப்பர் பீடிங்குகளுக்கும் டீசல் ஆகாது.

துடைத்துக் காய்ந்தபின், மெல்லிய பாலிதீன் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு விரல் நுனியால் போனட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம் கவர் வழியாக நறநறவென்று படும். அது ஒட்டியிருக்கும் இரும்புத்தூளும் பிசினும். அயர்ன் ரிமூவர் என்ற திரவத்தை அடித்தால் தூள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக மாறி வழியும். முகம்சுளிக்க வைக்கும் நாற்றம் வரும், பயப்பட வேண்டாம், காயவிடாமல் கழுவிவிடுங்கள். மிச்சத்துக்குக் களிமண் கட்டி, கடையில் கிளே பார் என்று கேளுங்கள். ஷாம்புத் தண்ணீரை நிறைய தெளித்து, அழுத்தாமல், நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். அழுக்குத் தெரிந்ததும் மடித்துப் புதுப் பக்கத்தை வெளியே கொண்டுவாருங்கள். கீழே விழுந்த கிளேயை எடுத்துத் துடைத்துப் பயன்படுத்தக் கூடாது, குப்பையில் போட வேண்டியதுதான். வருஷத்துக்கு ஒன்று, இரண்டு முறைக்கு மேல் கிளே வேண்டாம்.

இனி வேக்ஸ். கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகள், ரப்பர் ஓரங்கள், எம்பிளம் ஆகியவற்றின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பிளாஸ்டிக்கில் வேக்ஸ் பட்டால் வெள்ளையாகப் படிந்துவிடும். (ஏற்கெனவே படிந்திருந்தால் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிப்பான் ரப்பரால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.) முன் கண்ணாடியில் போடாதீர்கள், வைப்பர் அதிரும். கெட்டி வேக்ஸ் என்றால் ஈரப்படுத்திப் பிழிந்த ஸ்பாஞ்சை டப்பாவில் அரைச் சுற்று திருப்பினால் போதும். திரவ வேக்ஸ் என்றால் பத்து ரூபாய் நாணய அளவு ஒரு கதவுக்குத் தாராளம். போனட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் நேர்க்கோடாகப் பூசி, அதன் குறுக்கே மறுபடி ஒருமுறை. பூசி முடித்த இடம் கண்ணாடியில் ஊதிய மூச்சு போல மங்கலாகத் தெரிய வேண்டும். வெள்ளையாகத் தடித்துத் தெரிந்தால் அதிகம் போட்டிருக்கிறீர்கள். கனமாகப் போட்டால் கூடுதல் காவல் என்பது தவறான நம்பிக்கை. பெயிண்டில் ஒட்டுவது ஒரு மெல்லிய படலம் மட்டுமே, மிச்சமெல்லாம் நீங்கள் துடைத்து எடுக்கும் துணிக்குத்தான் போகிறது. ஒரு நடுத்தரக் காருக்கு 15 முதல் 20 கிராம் போதும். 200 கிராம் டப்பா ஒரு சீலன்ட்காரருக்கு மூன்று வருஷம் வரும்.

ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருந்து, ஓரத்தில் சுண்டுவிரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு தெளிவாக, அடியில் பளிச்சென்று தெரிந்தால் துடைக்கலாம். இழுத்த இடம் பிசிறடித்தால் இன்னும் காயவில்லை. மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகத்தால் பொடியை எடுத்து, அடுத்த முகத்தால் மெருகேற்றுங்கள். பழைய பனியன் துணி வேண்டாம்; தையலும் லேபிளும் கீறும். துடைத்து முடித்தபின் வேறு கோணத்தில் நின்று பாருங்கள், விட்டுப்போன தீற்றல்கள் தெரியும். சீலன்ட் என்றால் அன்றைக்கு முழுவதும் தண்ணீர் படாமல் இருக்க வேண்டும். சீலன்டின்மேல் மறுநாள் கார்னாபா போடலாம். கார்னாபாவின்மேல் சீலன்ட் பிடிக்காது. துணிகளைத் தனியாகத் துவையுங்கள், துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல்.

எப்போது மறுபடி போடுவது என்பதைக் காலண்டரைவிடத் தண்ணீர் சரியாகச் சொல்லும். கழுவியதும் தண்ணீர் உருண்டு உருண்டு ஓடினால் வேக்ஸ் இருக்கிறது. தட்டையாகப் பரவி அப்படியே நின்றால் தீர்ந்துவிட்டது. போனட்டும் கூரையும் முதலில் தீரும்; கதவுகளில் இன்னும் இருக்கும். முழுக் காருக்கும் போட நேரமில்லாவிட்டால் அந்த இரண்டுக்கு மட்டும் போடுங்கள்.

ஆயுத பூஜைக்கு முன்னால்

இந்தத் தடத்தில் ஆயுத பூஜை அன்று பூஜை போடாத வண்டி கிடையாது. சந்தனமும் குங்குமமும் போனட்டில், முன்னால் வாழைக்கன்று. வாழைக்கறை பெயிண்ட்டில் பழுப்பாகப் பிடிக்கும், ஈரக் குங்குமத்தின் சாயமும் வெள்ளைக் காரில் தங்கும். பூஜைக்கு ஒரு வாரம் முன்பே வேக்ஸ் போட்டுவிட்டால் இரண்டும் மேலாகவே நின்றுவிடும். அன்று மாலையே கழுவ வேண்டும். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டாமல், நனைந்த துணியைப் பத்து நிமிடம் போர்த்தி ஊறவைத்து எடுங்கள். பறவை எச்சத்துக்கும் இதே முறைதான். கதவில் ஒரு சின்ன தண்ணீர் பாட்டிலும் துணியும் எப்போதும் இருக்கட்டும்.

டிங்கரிங் கடைக்குப் போகும்போது

கார் ஆலைகளின் பெயிண்ட் ஷாப்களில் சிலிகான் கலந்த ஹேர் ஜெல், க்ரீம் எதையும் பூசிக்கொண்டு வருபவர்களை உள்ளே விடமாட்டார்கள். துளி சிலிகான் இருந்தாலும் பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகிச் சின்னச் சின்னக் குழியாகும்; பெயிண்டர்கள் அதை ஃபிஷ் ஐ என்பார்கள். பல வேக்ஸ்களிலும் டேஷ்போர்டு பாலிஷ்களிலும் சிலிகான் இருக்கிறது. அதனால் பம்பரோ கதவோ அடிபட்டு டிங்கரிங் பெயிண்டிங் போகும்போது, “வேக்ஸ் போட்ட வண்டி அண்ணே, நல்லா கிளீன் பண்ணிட்டு அடிங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெயிண்ட் அடிக்கும் முன் வேக்ஸ், கிரீஸ் நீக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். சொன்னால் இரண்டு முறை துடைப்பார்கள்.

அடித்து வாங்கிய பேனலில் உடனே வேக்ஸ் போடாதீர்கள். ஆலையில் 140 டிகிரியில் இறுகிய கிளியர் கோட் வேறு, வெளியே 60 டிகிரி பூத்திலோ வெறும் காற்றிலோ காய்ந்தது வேறு. அடித்து வந்த பிறகும் வாரக்கணக்கில் உள்ளிருக்கும் தின்னர் ஆவியாகி வெளியேறிக்கொண்டே இருக்கும். மேலே வேக்ஸை மூடினால் அது போக வழியில்லாமல் பெயிண்ட் மங்கும், மென்மையாகவே நிற்கும். பூத்தில் பேக் செய்த பேனலுக்கு முப்பது நாள், காற்றில் காய்ந்ததற்கு அறுபது நாள் விடுங்கள். அதுவரை வெறும் தண்ணீரும் ஷாம்புவும் மட்டும். எச்சம் விழுந்தால் அன்றன்றைக்கே எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அந்த பேனலுக்கு மட்டும் காவல் இல்லை. பில்லில் இருக்கும் தேதியை மொபைலில் குறித்து வைத்துக்கொண்டு, நாள் கடந்ததும் முதலில் அந்த பேனலுக்கு இரண்டு கோட், ஒரு நாள் இடைவெளியில் போடுங்கள். பிறகு மற்ற பேனல்களோடு சேர்த்து வழக்கமான முறைக்கு வந்துவிடலாம்.